மன்னார் வளைகுடாக் கரையில் 40 நாள் கோடைப் பயிற்சி: ஒரு மதிப்பீடு

முதுநிலை விலங்கியல் முதலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு, சென்ற ஆண்டு மே 18 முதல் ஜூன் 26 வரை, மன்னார் வளைகுடாக் கரையில் உள்ள ஒரு கடல் ஆய்வு நிலையத்தில் கோடைப் பயிற்சி பெற்றேன். இன்டர்ன்ஷிப் என்று நாங்கள் சொல்லும் இந்தப் பயிற்சிக்கு மனுப்போட நினைக்கும் மாணவர்கள், போகலாமா, எந்த மாதம் போகலாம், போனால் என்ன கிடைக்கும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன். நிறைகளோடு குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் நிலையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். என் நண்பர்கள் சென்றுவந்த வேறு நிலையங்களிலும் பெரும்பாலும் இதே நடைமுறைதான் என்று அவர்கள் சொல்லக் கேட்டிருப்பதால், பெயர் இல்லாமலேயே இது பயன்படும் என்று நம்புகிறேன்.

தமிழகக் கடற்கரையில் கடலறிவியல் கற்பிக்கும் மரபு பழையது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947இல் தொடங்கப்பட்டு, நெடுங்காலம் மண்டபத்தில்தான் இயங்கியது. அதன் தலைமையகம் பின்னரே கொச்சிக்குச் சென்றது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்றின் முகத்துவாரத்தை ஒட்டி நெடுங்காலமாக இயங்கிவருகிறது. உள்மாவட்டக் கல்லூரிகளில் ஃபார்மலின் புட்டிக்குள் வெளுத்துப் போன நட்சத்திர மீனையும் கடல் முள்ளெலியையும் மட்டுமே பார்த்துப் படித்த என் போன்றவர்களுக்கு, இந்தக் கரைக்கு வந்து உயிருள்ள கடல் முள்ளெலி தன் குழாய்க் கால்களை நீட்டி நகர்வதைக் காண்பதே ஒரு பெரும் பேறு. ஆனாலும் மதிப்பீடு என்று எழுத வந்தபிறகு அந்த மகிழ்ச்சியை மட்டும் சொல்லி நிறுத்திவிட முடியாது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். மனுப்போடும் மாணவர்களில் பெரும்பாலோர் பவளப்பாறைகளுக்கு இடையே நீந்தப் போகிறோம் என்று எண்ணிக்கொண்டு வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. வனத்துறையின் அனுமதியின்றி அங்கே கால் வைக்க முடியாது. சில வாரங்களுக்கு மட்டும் வரும் பயிற்சி மாணவருக்காக அந்த அனுமதியைப் பெற எங்கள் நிலையம் முயல்வதில்லை. பவளம், கடல் அட்டை, கடல் குதிரை ஆகியவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்படுபவை. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த பவளத் துண்டைக்கூட நினைவுப் பொருளாகப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. இதை முதல் நாளே ஆய்வக உதவியாளர் ஒருவர் எங்களை உட்கார வைத்துக் கண்டிப்புடன் சொன்னார். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் தேர்வுக் கடிதத்திலேயே இதை எழுதியிருந்தால், பவளத்தைப் பற்றித் திட்டம் வரைந்துகொண்டு வந்த இரண்டு மாணவிகள் முதல் வாரத்தை வீணாக்கியிருக்க மாட்டார்கள்.

அடுத்தது காலம். பயிற்சிக்கு வருபவர் தெரிந்துகொள்ள வேண்டியவற்றுள் இதுவே முதன்மையானது என்பது என் கருத்து. இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்நாட்களில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. கல்லூரிகளுக்கோ ஏப்ரல் இறுதியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை விடுமுறை. ஆக, மாணவர்கள் பெரும்பாலும் வந்து தங்கும் நாட்களும் மீன் இறங்குதளம் பாதி வெறிச்சோடிக் கிடக்கும் நாட்களும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. வல்லம், வத்தை போன்ற சிறு நாட்டுப்படகுகள் கொண்டுவரும் கரையோர மீன்களை வைத்து நல்ல ஆய்வுகள் செய்யலாம் என்பது உண்மைதான்; ஆனால் இழுவலையில் வரும் உயிரினங்களின் பெருக்கத்தைக் காணாமலேயே பலர் சான்றிதழோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

காற்றும் இதே நாட்களில்தான் மாறுகிறது. மே இறுதியில், தென்மேற்குப் பருவத்தின் சோளகக் காற்று எடுத்துவிட்டால் வளைகுடாப் பக்கத்துக் கடல் கொந்தளித்துக் கலங்கிவிடும். அந்நேரத்தில் பாக் நீரிணைப் பக்கம் ஒப்பளவில் அமைதியாக இருக்கும். வடகிழக்குப் பருவத்தில் வாடை வீசும்போது நிலைமை தலைகீழாகும். நான் சென்ற பத்தாம் நாள் படகில் செல்வதாக இருந்தது. விடியற்காலையில் கரைக்குச் சென்றபோது படகோட்டி அண்ணன், "சோளகம் எடுத்திருச்சு தம்பி. போனாலும் தண்ணி கலங்கித்தான் கிடக்கும், ஒண்ணும் தெரியாது. வலைதான் வீணா நனையும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அதன்பின் மொத்தப் பயிற்சியிலும் இரண்டு முறை மட்டுமே படகேறினோம். அறிவிப்பில் "வாரம் ஒருமுறை கடற்பயணம்" என்று இருந்தது. காற்றின் மீது யாரும் பழி சொல்ல முடியாது. ஆனால் ஆண்டுதோறும் அதே மாதத்தில் வீசும் காற்றைக் கணக்கில் கொள்ளாமல் அறிவிப்பு எழுதுவது சரியல்ல.

வழிகாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு வாய்த்தவர் முதல் வாரம் முழுவதும் ஒரு கூட்டத்துக்காக வெளியூர் சென்றிருந்தார். வந்தபிறகு, படகு இல்லாவிட்டால் என்ன, நிலையத்தின் படகுத்துறை இருக்கிறதே என்று சொல்லி ஒரு வேலையைக் கொடுத்தார். படகுத்துறையின் மூன்றாம் தூணடியில், நாள்தோறும் காலை 6.30 மணிக்கு, நீரின் வெப்பநிலை, உப்புத்தன்மை, கரைந்த ஆக்சிஜன் ஆகிய மூன்றையும் அளந்து, வாரம் இருமுறை மிதவை உயிரிகளுக்காக வலை இழுக்க வேண்டும். கேட்டபோது எனக்குச் சப்பென்று இருந்தது. முடித்து வந்தபோது, இந்த 40 நாளில் நான் பெற்ற கல்வி முழுவதும் அந்தத் தூணடியில்தான் கிடைத்தது என்று அறிந்தேன்.

கரைந்த ஆக்சிஜனை விங்க்ளர் முறையில் அளப்பதைக் கல்லூரியில் ஒருமுறை செய்திருக்கிறோம். குழாய் நீரில் செய்தோம், எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே விடை வந்தது, அத்துடன் முடிந்தது. இங்கே கடல் நீரைப் புட்டியில் பிடிக்கும்போதே பாடம் தொடங்குகிறது. 125 மில்லிலிட்டர் கண்ணாடிப் புட்டியில் ரப்பர் குழாயை அடிவரை விட்டு, நீர் வழிந்தோடும்படி நிரப்பி, ஒரு குமிழிகூட உள்ளே தங்காமல் மூட வேண்டும். உடனே மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடையும் ஒவ்வொரு மில்லிலிட்டர் பிப்பெட்டின் நுனியை நீருக்குள் அமிழ்த்தி விட்டால், புட்டிக்குள் பழுப்பு மேகம் போல வீழ்படிவு சுருண்டு இறங்கும். அந்தப் பழுப்பின் அடர்த்தியைப் பார்த்தே அன்றைய ஆக்சிஜன் கூடுதலா குறைவா என்று ஆய்வக உதவியாளர் சொல்லிவிடுவார். மூன்றாம் வாரத்தில் எனக்கும் அது ஓரளவு கைவந்தது. பிறகு ஆய்வகத்தில் கந்தக அமிலம் விட்டுப் படிவைக் கரைத்து, ஹைப்போ என்னும் சோடியம் தயோசல்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வைக்கோல் நிறம் வந்ததும் ஸ்டார்ச் சேர்த்து, நீலம் மறையும் அந்த ஒரு சொட்டில் நிறுத்த வேண்டும். முதல் நான்கு நாள் அளவுகள் ஒன்றுக்கொன்று பொருந்தவே இல்லை. வழிகாட்டி என் ஏட்டைப் பார்த்துவிட்டுக் கோபப்படவில்லை. ஒரே நீரில் மூன்று புட்டிகள் பிடித்து மூன்றும் ஒத்துவரும் வரை செய்யச் சொன்னார். அன்று பகல் முழுதும் அதையே செய்தேன். மாலையில் மூன்றும் ஒத்து வந்தன. தவறு எங்கே இருந்தது என்றால், ரப்பர் குழாயை வெளியே எடுக்கும்போது நான் காட்டிய அவசரத்தில் இருந்தது.

மிதவை உயிரி வேலையில் இவ்வளவு நிறைவு கிடைக்கவில்லை. பதினொரு மாணவர்களுக்கு ஒழுங்காக இயங்கும் நுண்ணோக்கிகள் மூன்று. செட்ஜ்விக்-ராஃப்டர் தட்டில் ஒரு மில்லிலிட்டர் மாதிரியை விட்டுக் கட்டம் கட்டமாக எண்ண ஒருவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவு எட்டு மணிக்கு ஆய்வகத்தைப் பூட்டிவிடுவார்கள். எனவே கோப்பிபாடுகள் என்னும் நுண்ணிய ஓட்டுடலிகளைக் குடும்ப அளவில் பிரித்ததோடு நிறுத்திக்கொண்டேன். பேரினம் வரை செல்ல வேண்டும் என்றால் உங்கள் கல்லூரி நுண்ணோக்கியில் தொடர்வதற்காக மாதிரிகளை எடுத்துச் செல்ல எழுத்துமூல அனுமதி கேளுங்கள், கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள்.

ஜூன் 15க்கு வருகிறேன். தடைக்காலம் முடிந்து விடியற்காலையில் கடலுக்குச் சென்ற விசைப்படகுகள் திரும்பியபோது, அதுவரை அரை உறக்கத்தில் கிடந்த இறங்குதளம் வேறு இடமாகிவிட்டது. பனிக்கட்டி உடைக்கும் ஒலி, ஏலக் குரல்கள், கூடை சுமந்து ஓடும் பெண்கள், டீசல் புகை என்று நெருக்கடிக்கு நடுவே நாங்கள் அளவுப் பலகையோடு நின்றோம். ஏலம் போகும் மீனில் மாணவர்கள் கைவைக்க முடியாது. ஆனால் சங்காயம் என்று மீனவர்கள் ஒதுக்கும் கழிவு மீன் குவியலில் இருந்து ஒரு கூடையை எங்களுக்கென்றே ஒரு படகுக்காரர் தள்ளிவிட்டார். நகரை, செங்கனி, சிறு கணவாய்கள், பெயர் தெரியாத குட்டி நண்டுகள், இவற்றோடு காரல் மீன்கள் ஏராளம். அந்த ஒரு கூடையைத் தரம் பிரிக்க எங்களுக்கு நள்ளிரவு ஆயிற்று. அன்று மட்டும் எட்டு மணிக்குப் பூட்டவில்லை. வேலை முடியும் தறுவாயில் வழிகாட்டி விளக்கை அணைக்கச் சொல்லி, புதிய காரல் ஒன்றின் உணவுக் குழலைச் சுற்றியிருக்கும் ஒளியுறுப்பை வெட்டித் திறந்து காட்டினார். கண் இருளுக்குப் பழகச் சிறிது நேரம் ஆயிற்று. பிறகு கத்தி நுனியில் மங்கலான நீல வெளிச்சம் தெரிந்தது. அந்த உறுப்புக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்களின் ஒளி அது. கூடையில் கிலோக்கணக்கில் கிடந்த, ஒருவரும் விலை கேட்காத மீன். ஜூன் 10ஆம் தேதியே பயிற்சி முடித்து ஊருக்குச் சென்றுவிட்ட நான்கு பேர் இதைப் பார்க்கவில்லை என்று எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. கல்லூரி திறப்பதில் ஒரு வாரம் விடுப்புக் கேட்க நேர்ந்தாலும், ஜூன் 20 வரையாவது இருக்கும்படி நாட்களை அமைத்துக்கொள்ளுங்கள்.

இனி, இந்த நிலையத்தின் மீது எனக்குள்ள பெருங்குறை. அது உணவோ அறையோ பற்றியதன்று. நூலகத்தின் பின் அறையில், முந்தைய ஆண்டுகளின் பயிற்சி மாணவர்கள் சமர்ப்பித்த அறிக்கைகள் கெட்டி அட்டை போட்டு அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. என் அறிக்கைக்கு முன்மாதிரி தேடி அவற்றில் முப்பதுக்கும் மேற்பட்டவற்றைப் புரட்டினேன். ஏறக்குறைய எல்லா ஆண்டிலும் யாரோ ஒருவர் இதே கரையில் நீரின் வெப்பநிலையை அளந்திருக்கிறார். யாரோ ஒருவர் இதே நீரில் மிதவை உயிரிகளை எண்ணியிருக்கிறார். ஆனால் ஒருவர் காலையில் அளந்தார், ஒருவர் நண்பகலில். ஒருவர் படகுத்துறையில், ஒருவர் எங்கே என்றே எழுதவில்லை. வலைக்கண்ணின் அளவைப் பாதிப் பேர் குறிப்பிடவில்லை. அது தெரியாமல் எண்ணிக்கைகளை ஒப்பிடவே முடியாது. 200 மைக்ரான் வலையில் தங்கும் உயிரியும் 60 மைக்ரான் வலையில் தங்கும் உயிரியும் வேறு வேறு. எத்தனை மாணவர்களின் எத்தனை விடியற்காலைகள் அந்த அலமாரியில் ஒன்றோடொன்று சேராமல் கிடக்கின்றன என்பதை நினைத்து அன்று எனக்கு உண்மையாகவே மனம் கனத்தது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கடலின் நிலைமை. கோடையில் மேற்பரப்பு நீர் வழக்கத்தைவிடச் சூடேறி வாரக்கணக்கில் அப்படியே நிற்கும்போது, பவள உயிரிகள் தம்முள் வாழும் பாசிகளை இழந்து வெளுத்துப்போகின்றன. மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் பெருமளவில் அப்படி நேர்ந்தது. அந்தச் சூடு ஏறும் மாதங்கள் ஏப்ரலும் மேயும், ஜூனின் தொடக்கமும். மாணவர்கள் வந்து தங்கியிருக்கும் அதே நாட்கள்தான். வெப்பமானி ஒன்றும், ஒரே இடமும், ஒரே மணியும், எழுதி வைக்க ஒரு தடித்த பேரேடும் இருந்தால், செலவே இல்லாமல் ஒரு நீண்ட பதிவு திரண்டிருக்கும். நிலையத்து அறிவியலாளர்கள் தத்தம் திட்டங்களுக்கென அளவெடுக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் திட்டத்தின் நிதி முடிந்ததும் அளவும் நின்றுவிடுவதாக அவர்களே சொல்கிறார்கள். இங்கிலாந்தின் பிளிமத் அருகே எல்4 என்ற ஒரே கடற்புள்ளியில் 1988 முதல் வாரந்தோறும் விலங்கு மிதவை உயிரிகளைச் சேகரித்து வருகிறார்கள். நேப்பிள்ஸ் வளைகுடாவில் மாரெக்கியாரா என்ற புள்ளியில் 1984 முதல் அளவெடுப்பு நடக்கிறது. அவற்றுக்குக் கப்பலும் ஆட்களும் நிதியும் உண்டு என்பது தெரியும். படகுத்துறைத் தூணடியில் நின்று அளக்க அவை எதுவும் வேண்டியதில்லை.

இதை என் வழிகாட்டியிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, பயிற்சி மாணவர்களின் அளவுகளை நம்ப முடியாது என்ற எண்ணம் பலரிடம் இருப்பதாகச் சொன்னார். மூன்று புட்டி ஒத்துவரும் வரை என்னைச் செய்ய வைத்தவரே இப்படிச் சொன்னது எனக்கு ஏற்புடையதாக இல்லை. நம்பும்படி அளக்கக் கற்றுக்கொடுப்பதற்காகத்தானே பயிற்சி நடத்துகிறார்கள்?

தங்குமிடம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விடுதி அறை இருவருக்கு ஒன்று, தூய்மையாகவே இருந்தது, தண்ணீர் உப்புக் கரிக்கும், குடிநீர் கேன் தனியே வாங்க வேண்டும். உணவில் குறை சொல்ல ஏதுமில்லை. மீன் குழம்பு சாப்பிடாதவர்களுக்குத்தான் சிறிது சிரமம். மாணவிகளுக்கு ஒதுக்கிய அறைகள் இரண்டே என்பதால், தேர்வாகியும் இடமில்லாமல் வெளியே வாடகைக்குத் தங்கியவர்கள் இருவர். காலை 6.30 மணி வேலைக்கு அவர்கள் இருட்டோடு இருட்டாக நடந்து வர வேண்டியிருந்தது. இதை நிலையம் உடனே சரிசெய்ய வேண்டும். பயிற்சிக் கட்டணம் என்று தொகை வாங்குகிறார்கள், உதவித்தொகை கிடையாது. பணம் தடையாக இருப்பவர்கள், நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் இணைந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகைத் திட்டத்துக்கு மனுப்போடுவது நல்லது. அதில் தேர்வானால் மாத உதவித்தொகையோடு இரண்டு மாதம் ஒரு வழிகாட்டியின்கீழ் பணிபுரியலாம். அதற்கான அழைப்பு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே வந்துவிடும் என்பதால் கோடை நெருங்கும்வரை காத்திருக்கக் கூடாது.

சான்றிதழ் ஒன்றே குறிக்கோள் என்றால் இவ்வளவு தூரம் வர வேண்டாம். 15 நாளில் சான்றிதழ் தரும் இடங்கள் பல உண்டு. ஒரு வேலையை நாள் தவறாமல் செய்யும் பொறுமை உள்ளவர்களுக்கு இந்த நிலையத்தைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். சேர்வதற்கு முன் மின்னஞ்சலில் நான்கு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: வழிகாட்டி முதல் வாரம் ஊரில் இருப்பாரா, படகு உறுதியா, நுண்ணோக்கியில் எனக்கு நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும், என் அளவுகளை யார் வைத்துக்கொள்வார்கள். கடைசிக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை திருப்தியாக இல்லை என்பதால், புறப்படும் முன் என் 34 நாள் அளவுகளையும், தூணின் எண், நேரம், கருவியின் பெயர், வலைக்கண் அளவு ஆகியவற்றோடு தனி ஏட்டில் படியெடுத்து ஆய்வக உதவியாளரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் அதை வேதிப்பொருள் அலமாரிக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். இந்த ஆண்டு எங்கள் கல்லூரியிலிருந்து சென்ற மாணவி முதல் நாளே அந்த ஏட்டைக் கண்டு எனக்குத் தொலைபேசியில் பேசினாள். அதில் என் முதல் பதிவாக வெப்பநிலை 30.2 டிகிரி, அதற்கு அடுத்த பக்கத்தில், அதே தூண், அதே 6.30 மணி என்று குறித்து, தான் அன்று அளந்த 30.9 என்ற எண்ணை எழுதியிருப்பதாகச் சொன்னாள்.